ஒரே வண்டியில் இரண்டு பாஸ்: ஐரோப்பிய ரயில் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் ஈரோட்டிலிருந்து என்னைப் பார்க்க மியூனிக் வந்தார்கள். அப்பாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 61. நான் அங்கே நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. அதில் பத்துப் பன்னிரண்டு நாள் சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று சுற்றிவர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எங்கே போனாலும் ரயிலில்தான் என்பது அப்பாவின் நிபந்தனை. முட்டிவலியோடு விமான நிலைய வரிசைகளில் நிற்க அவரால் முடியாது.

பல நாட்டு ரயில்களிலும் செல்லும் ரயில் பாஸ் எடுப்பது என்று முடிவானதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "பாஸ் இருந்தா எந்த வண்டியிலயும் ஏறிக்கலாமா கண்ணு?" நான் யோசிக்காமல் ஆமாம் என்றேன். அந்த ஆமாம் எவ்வளவு தூரம் சரி, எங்கே தவறிப்போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றோரை அழைத்து வரும் நண்பர்கள் பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

ஒரு வீடு, இரண்டு விதி

இந்தப் பாஸில் இரண்டு வகை. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். முன்னது 1959-இல் தொடங்கியது, பின்னது 1972-இல். இப்போது இரண்டும் 33 நாடுகளில் செல்லும். எது என்பதை முடிவு செய்வது குடியுரிமை அல்ல, வசிப்பிடம். எங்கள் மூவரிடமும் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் அவர்களுக்கு யூரெயில், எனக்கு இன்டர்ரெயில்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 60 வயதானவர்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு, அது அப்பா அம்மாவுக்குக் கிடைத்தது. 27 வயது வரை இளைஞர் கட்டணம், அது எனக்குக் கிடைக்கவில்லை. உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. இன்டர்ரெயில் வைத்திருப்பவர் தான் வசிக்கும் நாட்டுக்குள் இரண்டு நாள்தான் அதைப் பயன்படுத்தலாம்: நாட்டை விட்டுக் கிளம்ப ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். யூரெயிலில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜெர்மனிக்குள் அப்பா எத்தனை நாள் வேண்டுமானாலும் பாஸில் போகலாம், நான் போக முடியாது. இதைப் படித்தேன். ஆனால் கிளம்புவதற்கும் திரும்புவதற்கும் இரண்டு நாள் போதுமே என்று அத்தோடு விட்டுவிட்டேன்.

மூவருக்கும் ஒரே வகை எடுத்தோம்: ஒரு மாதத்துக்குள் நமக்கு விருப்பமான ஏழு நாள், இரண்டாம் வகுப்பு. தேர்ந்தெடுத்த நாளில் நள்ளிரவு 12 மணியிலிருந்து அன்றிரவு 11:59 வரை எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். கணக்குப் போட்டால் ஒரு நாளின் விலை தலைக்கு ஏறக்குறைய 50 யூரோ வந்தது. இந்த எண்ணை அன்றே எழுதிவைத்தது நல்லதாகப் போயிற்று. பிறகு எடுத்த எல்லா முடிவுக்கும் அதுதான் அளவுகோல்.

பாஸ் ஃபோனில்தான் இருக்கும். ரெயில் பிளானர் என்ற ஆப்பில் போகப்போகும் வண்டியைச் சேர்த்து, அந்த நாளைத் தொடங்கிவைத்தால் கியூஆர் குறியீடு வரும். பரிசோதகர் அதை ஸ்கேன் செய்வார், சிலர் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது ஃபோன் இணையத்தோடு இணைய வேண்டும். அப்பா, அம்மா இருவர் பாஸையும் அப்பாவின் ஃபோனிலேயே ஏற்றினேன். என் ஃபோனில் மூன்றையும் வைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவர் கையில் டிக்கெட் இல்லாமல் வண்டியில் உட்கார மாட்டார்.

பாஸைத் தொடாத முதல் வாரம்

முதல் ஞாயிறு ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் போய்வந்தோம். நாடு வேறு என்பதால் பாஸில் ஒரு நாளைச் செலவழிக்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் வரை மண்டல ரயிலில், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் நாள் டிக்கெட்டே செல்லும். இரண்டு பேருக்குச் சேர்த்தே ஒருவருடைய ஒரு பாஸ் நாள் விலையைவிடக் குறைவு. வார நாளில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும், ஞாயிறு என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. என்னிடம் ஜெர்மனி முழுக்க மண்டல வண்டிகளில் செல்லும் ஜெர்மனி டிக்கெட் இருந்தது, அப்போது மாதம் 49 யூரோ. அதுவும் சால்ஸ்பர்க் வரை போகும்.

இங்கே ஒரு விஷயம் பிடிபட்டது. மாநில டிக்கெட்டில் மியூனிக்கின் எஸ்-பான் என்ற புறநகர் ரயில், ஊ-பான் என்ற மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம், ஐசிஇ விரைவு வண்டியில் ஏற முடியாது. பாஸ் இதற்கு நேர்மாறு. ஐசிஇயில் போகலாம், எஸ்-பானில் போகலாம், ஆனால் ஊ-பானிலும் டிராமிலும் முடியாது. எஸ்-பானை ஓட்டுவது ரயில்வே. ஊ-பானை ஓட்டுவது நகரப் போக்குவரத்து. ஆனால் வரைபடம் ஒன்றுதான், பல நிலையங்களும் ஒன்றுதான். ஏறும் இடத்தில் தடுப்புக் கதவும் கிடையாது. அப்பா அந்த வரைபடத்தின் முன் ரொம்ப நேரம் நின்று பச்சை வட்டத்துக்குள் இருக்கும் எஸ் எழுத்தையும், நீலச் சதுரத்துக்குள் இருக்கும் யு எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அப்போ வண்டி எதுன்னு பாக்கக்கூடாது, ஓட்டறவன் யாருன்னு பாக்கோணும்" என்றார். என் பக்கம் பக்கமான விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

மியூனிக் – சூரிக் – லவுட்டர்புரூன்னன்

முதல் பாஸ் நாள், சூரிக் போகும் யூரோசிட்டி, நாடு விட்டு நாடு போகும் விரைவு வண்டி. முன்பதிவு கட்டாயம் இல்லை என்பதால் நான் செய்யவில்லை. அப்பாவால் அதை ஏற்கவே முடியவில்லை. பெட்டிக்குள் ஏறியவர் உட்காராமல் கதவோரம் பையோடு நின்றுவிட்டார். சீட் நம்பர் இல்லாமல் உட்கார்ந்தால் யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்ற பயம், சார்ட் பார்த்தே பழகிய மனசு. இருக்கைக்கு அருகே சின்னத் திரையில் ஊர்ப் பெயர்கள் ஓடுவதைக் காட்டினேன். ஊர் பெயர் இருந்தால் அந்த ஊர்களுக்கு இடையே யாரோ பதிவு செய்திருக்கிறார்கள், ஒன்றும் இல்லையென்றால் யாரும் உட்காரலாம். அவர் வரிசையாக நான்கு இருக்கையைப் பார்த்து, ஐந்தாவதில் உட்கார்ந்தார். லிண்டாவ் தாண்டி ஏரி தெரிந்தபோதுதான் அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

திரும்பிப் பார்க்கையில், அப்படி நிற்கவைத்தது சரியில்லை என்று படுகிறது. கட்டாயம் இல்லை என்பதும் தேவை இல்லை என்பதும் ஒன்றல்ல. வயதானவர்களோடு நான்கு மணி நேரம் போகும்போது சில யூரோ கொடுத்து இருக்கையைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

சூரிக்கில் தங்கும் இடத்தை எஸ்-பான் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்திருந்தேன். நடுநகரில் இருந்ததைவிட வாடகை குறைவு. அதைவிட முக்கியம், பாஸ் நாட்களில் வீட்டுப் பக்கத்து நிலையத்திலிருந்தே பாஸ் தொடங்கிவிடும். டிராம் தேவைப்படவில்லை.

மறுநாள் பெர்ன் வழியாக இன்டர்லாகன், அங்கிருந்து லவுட்டர்புரூன்னன். எஸ்-பான், இன்டர்சிட்டி, மலையடிவார வண்டி மூன்றும் ஒரே பாஸில். சுவிஸில் போவதற்கு மட்டும் முழுக் கட்டணம் கொடுத்தாலே ஒரு பாஸ் நாள் விலையைத் தாண்டிவிடும், திரும்புவது தனி. பாஸுக்குப் பணம் கொடுத்தது வீண் இல்லை என்று மனசு நிறைந்த நாள் இதுதான். 3454 மீட்டர் உயர யுங்ஃப்ராயோக் வரை ஏறும் பல்சக்கர ரயில்களுக்கு மட்டும் பாஸ் செல்லாது, 25 சதவீதத் தள்ளுபடிதான். அப்பாவின் முட்டியையும் உயரத்தையும் நினைத்து மேலே போகவில்லை. பள்ளத்தாக்கில் அருவி ஒன்றின் அடியில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

பெர்னினா பாதை

மூன்றாம் பாஸ் நாளில் சூரிக்கிலிருந்து கூர், செயின்ட் மோரிட்ஸ், திரானோ வழியாக மிலான் போவது என்று முடிவு. கோட்ஹார்ட் சுரங்கம் வழியே நேராகப் போனால் மூன்றரை மணி நேரத்துக்குள் மிலான். இந்தச் சுற்றில் பகல் முழுக்க ஆகும். விலை இரண்டுக்கும் ஒன்றுதான், ஏனென்றால் செலவாவது நாள். பாஸில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சுதந்திரம்தான்.

அந்தப் பாதையில் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடி மேற்கூரை வண்டி ஓடுகிறது. அதற்கு முன்பதிவுக் கட்டணம் கட்டாயம். அதே தண்டவாளத்தில் உள்ளூர்க்காரர்கள் போகும் சாதாரண வண்டியும் ஓடுகிறது, அதற்கு முன்பதிவே வேண்டாம். நாங்கள் சாதாரண வண்டியில் போனோம். அதில் ஜன்னலைக் கீழே இறக்க முடிந்தது. 2253 மீட்டரில் உள்ள ஒஸ்பிஸியோ பெர்னினா நிலையத்தை நெருங்கும்போது அம்மா எழுந்து ஜன்னலை இரண்டு கையாலும் அழுத்தி இறக்கினார். பனிக்காற்று முகத்தில் அடித்தது, முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். கீழே வெள்ளை ஏரி. அம்மா பிறந்தது மேட்டுப்பாளையம். "நம்ம ஊட்டி ரயிலாட்டவே இருக்குதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். சொன்னது வெறும் பாசம் இல்லை. இரண்டுமே மீட்டர் கேஜ் மலைப்பாதைகள், இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை, நீலகிரி 2005 முதல், இது 2008 முதல். வித்தியாசம், நம்முடையது பல்சக்கரத்தால் ஏறுகிறது. இது 1000 மீட்டருக்கு 70 மீட்டர் ஏற்றத்தைப் பல்சக்கரம் இல்லாமலேயே ஏறுகிறது.

திரானோவில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் இத்தாலிய நிலையத்தில் மிலான் போகும் மண்டல வண்டி. கோமோ ஏரிக்கரையோரம் இருட்டும்வரை போனோம். அதற்கும் பாஸ் போதும்.

மிலான், மெஸ்ட்ரே, பதுவை

மிலானிலிருந்து வெனிஸ் போக இரண்டு வழி. ஃப்ரெச்சாரோசா அதிவேக வண்டி சுமார் இரண்டரை மணி நேரம், பாஸ் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் 10 யூரோவுக்கு மேல் முன்பதிவுக் கட்டணம், பதிவு இல்லாமல் ஏறவே கூடாது. வெரோனாவில் மாறும் மண்டல வண்டிகள் நான்கு மணி நேரத்துக்குக் கிட்ட, கூடுதல் கட்டணம் இல்லை. நாங்கள் மண்டல வண்டியில் போய் வெரோனாவில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

வெனிஸில் அறை வாடகை கட்டுப்படியாகவில்லை, மெஸ்ட்ரேயில் தங்கினோம். அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மறுநாள் ஊர் சுற்றும் நாள். பாஸ் வைத்திருக்கிறோமே என்று அப்பா ஃபோனை எடுத்தார், நான் தடுத்தேன். டிக்கெட் இரண்டு யூரோகூட இல்லை. அதற்கு 50 யூரோ நாளை எரிக்கலாமா? காகித டிக்கெட் வாங்கி, நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொண்டு போனோம். கால்வாய்ப் படகுக்கும் தனி டிக்கெட்.

அதற்கடுத்த நாள் இரவு வண்டி. இரவு வண்டிக்கு ஒரு நல்ல விதி உண்டு: நள்ளிரவுக்கு முன் ஏறி, நள்ளிரவுக்குப் பின் வண்டி மாறாமல் போனால், ஏறிய நாள் மட்டுமே கணக்கு. ஆக, அந்த நாள் எப்படியும் செலவாகிறது. பகலை ஏன் விட வேண்டும் என்று காலையில் பதோவா போனோம், மண்டல வண்டியில் அரை மணி நேரம். பெயர்ப் பலகையைப் பார்த்தும் அம்மாவுக்குத் தெரியவில்லை. பேராலயத்தின் முன் நின்ற பிறகுதான், "இதுதான் பதுவையா? அந்தோணியார் பதுவையா?" என்று கேட்டார். அம்மா படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. பதுவை அந்தோணியார் மன்றாட்டு அவருக்கு இன்னும் மனப்பாடம். கல்லறைப் பளிங்கில் எல்லோரும் கை வைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் அவரும் கை வைத்துக்கொண்டு நின்றார். திட்டத்திலேயே இல்லாத இந்த இரண்டு மணி நேரம்தான் இந்தப் பயணத்தில் அவர் இன்றும் முதலில் சொல்வது.

இரவு வண்டியில் படுக்கைக்குத் தனிக் கட்டணம், பல வாரம் முன்பே பதிவு செய்திருந்தேன். நன்றாகத் தூங்கினோம்.

தவறு நடந்த காலை

காலையில் ஆல்ப்ஸுக்கு வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இறங்கினோம். அறை நான்கு நிலையம் தள்ளி. புறநகர் ரயில் நிற்கிறது. அதை ஓட்டுவது ரயில்வேதான், பாஸ் செல்லும் என்று ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தேன். ஏறினோம்.

இரண்டாவது நிலையம் தாண்டியதும் சாதாரண உடையில் இருந்த இருவர் அட்டையைக் காட்டினார்கள். அப்பா ஃபோனை நீட்டினார். ஒருவர் ஸ்கேன் செய்தார், இன்னொரு முறை ஸ்கேன் செய்தார், பிறகு திரையில் இருந்த தேதியின் மேல் விரலை வைத்து அப்பாவிடம் காட்டினார். நேற்றைய தேதி.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இரவு வண்டி விதி அந்த வண்டிக்கு மட்டும்தான். அதிலிருந்து இறங்கியதும் நேற்றைய நாள் முடிந்துவிட்டது. ரயில்வே வண்டிதான், பாஸ் செல்லும் வண்டிதான், ஆனால் அன்று பாஸ் நாளே அல்ல. யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்கப் பழகியிருந்தேன். இன்று என்ன நாள் என்று கேட்கவில்லை.

என் கை ஃபோனுக்குப் போனது. அந்த இடத்திலேயே ஒரு நாளைத் தொடங்கிவிட்டால் என்ன என்று ஒரு எண்ணம். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "தெரியாம ஏறுனாலும் தப்பு தப்புத்தான் சாமி. கட்டிப்போடு." பரிசோதகர்கள் மரியாதையாகவே பேசினார்கள். மூன்று பேருக்கும் அபராதம். ஒருவருக்கான தொகையே ஒரு பாஸ் நாளைவிட அதிகம். மூன்று புறநகர் டிக்கெட்டுக்குச் சில யூரோதான் ஆகியிருக்கும். ஊரையும் நிறுவனத்தையும் பெயர் சொல்லவில்லை, தவறு முழுக்க என்னுடையது.

அறைக்குப் போனதும் அம்மா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் "வண்டி நாள்", அந்தப் பக்கம் "ஊர் நாள்" என்று எழுதி, மிச்சமிருக்கும் தேதிகளை என்னிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினார். ஊர் நாள் என்றால் காலையில் முதலில் டிக்கெட் இயந்திரம், பிறகுதான் நடைமேடை. அந்த நகரத்தில் இருந்த இரண்டு ஊர் நாளுக்கும் 24 மணி நேர நகர டிக்கெட் எடுத்தோம். மெட்ரோ, டிராம், புறநகர் ரயில் எல்லாம் அதில் அடக்கம்.

ஆறாவது வண்டி நாளில் மியூனிக் திரும்பினோம்.

மிச்சமிருந்த ஒரு நாள்

மூவரிடமும் ஒவ்வொரு நாள் மிச்சம். அப்பா ஹைடல்பர்க் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றார். அது பவேரியாவுக்கு வெளியே, மாநில டிக்கெட் செல்லாது, போக மட்டும் மூன்று மணி நேரம். பாஸ் நாளுக்குச் சரியான பயணம். ஆனால் என் பாஸில் ஜெர்மனிக்கான இரண்டு நாளும் தீர்ந்திருந்தன. ஒன்று சூரிக் போனபோது, இன்னொன்று திரும்பியபோது. எனக்கு மட்டும் தனியாக ஐசிஇ டிக்கெட் எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் அப்பா சொன்னார், "நீ வேலைக்குப் போ கண்ணு. நாங்க போய்ட்டு வர்றோம்."

யோசித்தேன். மொழி தெரியாது, ஸ்டுட்கார்ட்டிலோ மான்ஹைமிலோ மாற வேண்டும். ஆனால் பாஸ் அவர் ஃபோனில் இருக்கிறது, ஆறு நாளாக அவரே காட்டிப் பழகியிருக்கிறார். பாஸ் ஒரே வண்டியோடு கட்டிப்போடாது என்பதும் தைரியம் தந்தது. மலிவு டிக்கெட் எடுத்திருந்தால் குறித்த வண்டியை விட்டால் டிக்கெட் போச்சு. பாஸில் அடுத்த வண்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த முறை ஐசிஇயில் இருவருக்கும் இருக்கை பதிவு செய்துகொடுத்தேன். கோட்டைக்கு ஏறும் கயிற்று ரயிலுக்குப் பாஸ் செல்லாது, அங்கேயே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

என்ன மாற்றுவேன்

எனக்கு ஏழு நாள் பாஸ் எடுத்தது தவறு. ஒரு நாள் வீணானது. ஐந்து நாள் பாஸ் எடுத்து, மிலான்–மெஸ்ட்ரே மண்டல வண்டிக்கு மட்டும் தனி டிக்கெட் வாங்கியிருக்கலாம். 25 யூரோவுக்குள் முடிந்திருக்கும், அந்தக் கட்டணம் கடைசி நேரத்திலும் ஏறாது. வசிக்கும் நாட்டுக்குள் எத்தனை நாள் வேண்டியிருக்கும் என்று முதலில் எண்ணிவிட்டுத்தான் இன்டர்ரெயிலின் அளவைத் தேர்ந்தெடுப்பேன்.

இரவு வண்டியிலிருந்து இறங்கும் ஊரில் முதல் டிக்கெட்டை முந்தின நாளே அந்த ஊர் ஆப்பில் வாங்கி வைத்துக்கொள்வேன். தூக்கக் கலக்கத்தில், பெட்டியை இழுத்துக்கொண்டு, யாரும் விதியை நினைத்துப் பார்ப்பதில்லை.

சால்ஸ்பர்க், மெஸ்ட்ரே, பெர்னினா முடிவுகளை மாற்ற மாட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் யூரோசிட்டி, ஐசிஇ வண்டிகளில் அப்பா அம்மாவுக்கு இருக்கை பதிவு செய்வேன்.

அன்று ஹைடல்பர்க்கிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. ஆறேகாலுக்கு அப்பா கூப்பிட்டார். பழைய பாலத்தருகே அம்மா உட்கார்ந்துவிட்டதால் வண்டியை விட்டுவிட்டார்களாம். நான் பதறி ஆப்பைத் திறந்தேன். "நீ ஒண்ணும் பாக்க வேண்டாம். அடுத்த வண்டியச் சேத்துட்டேன், நாலாவது பிளாட்பாரம்" என்றார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "தேதியப் பாத்தீங்ளா?"

"பாத்தாச்சு. வண்டி நாளுதான்."